லாச்சி அலுமாரிக்குக் காவல் வைத்த பலகை

நிரோஜா என்னோடு மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்த பிள்ளை. இன்று ஒரு அணிக்கே தலைவி. புது வீடு கட்டிக் குடிபுகுந்து ஆறு மாதமாகிறது. அந்த வீட்டுக்குப் அடுக்கடுக்காக இழுப்பறைகள் வைத்த பழைய காலத்து லாச்சி அலுமாரி ஒன்று வேண்டுமென்று அவளுக்கு ஆசை. "மரத்தூளை ஒட்டிச் செய்யிற சாமான் ரெண்டு மாரிக்கும் தாங்காதக்கா. பழசாப் பாத்து ஒண்டு தெரிஞ்சு தாங்கோ" என்று சொல்லி, போன மாதம் மன்னார் பட்டினத்தில் பழைய தளபாடம் விற்கும் கடை ஒன்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கடைக்காரர் வாயாடி. இடுப்பளவு உயரமான ஓர் அலுமாரியைத் தட்டிக் காட்டி, "அம்மா, இது ஒல்லாந்தர் காலத்துச் சாமான்" என்றார். எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய மரச்சாமான் எல்லாமே ஒல்லாந்தர் காலத்ததுதான். அந்தக் கணக்கில் நானும் ஒல்லாந்தர் காலத்து ஆள்தான். சிரித்துக்கொண்டு நின்றேன். அப்போது அவர், எப்படி ஓடுகிறது பாருங்கோ என்று சொல்லி, மூன்றாவது லாச்சியை ஒரே இழுப்பில் சடாரென்று இழுத்தார்.

அடுத்த கணம் நான் கடைக்கு வெளியே நின்றேன். நிரோஜாவின் மணிக்கட்டு என் கைக்குள் இருந்தது. எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. கடைக்காரர் லாச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றார். நிரோஜா சிரிக்கவில்லை.

"மனுவல் அண்ணையின்ர அலுமாரி நினைப்போ அக்கா?"

"ஓம்."

"இப்ப வேலைக்கு வாற பிள்ளையளுக்கு அந்தக் கதை தெரியாது. எழுதித் தாங்கோ. நான் வாசிச்சுக் காட்டுறன்."

அதனால் எழுதுகிறேன். அவளுக்கு அலுமாரி ஒன்றையும் பார்த்துத் தெரிவுசெய்து கொடுத்தேன். பழைய அலுமாரி வாங்குகிறவர்கள் முன்பக்கத்து மினுக்கத்தைப் பார்க்கக் கூடாது. லாச்சியை முழுதாகக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே யாரும் பொலிஷ் பூசுவதில்லை, மரம் தன் வயதைச் சொல்லிவிடும். மூலைப் பொருத்துகள் விரல் கோத்த மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் மெசின் வெட்டு, கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் கை வெட்டு. உள்ளே முகர்ந்தால் முதிரை மரத்துக்கு ஒரு மணமுண்டு. இவ்வளவையும் எனக்குச் சொல்லித் தந்தவர் செபஸ்தியான் சேர். சொல்லித் தந்த நேரம் நான் ஓர் அலுமாரியின் அடியில் குப்புறக் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

நான் உயிலங்குளத்துக்காரி. வயல்தான் எங்கள் சீவியம். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் கணவர் காய்ச்சலில் தவறிப்போனார். மீள்குடியேறி ஊருக்கு வந்தபோது வயலெல்லாம் பற்றைக்காடு, வீட்டில் இரண்டு பிள்ளைகள். மிதிவெடி அகற்றப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். சில வாரப் பயிற்சி. முழங்காலில் நிற்கவும், மண்ணைச் சுரண்டவும், டிடெக்டரின் சத்தத்தைப் பிரித்தறியவும் பழக்கினார்கள். பயப்படாமல் இருக்க யாரும் பழக்கவில்லை. அந்த வேலையில் இருந்த ஒரு நாளாவது பயமில்லாமல் மண்ணில் கை வைத்தேன் என்று சொன்னால் அது பொய்.

செபஸ்தியான் சேர் எங்கள் மேற்பார்வையாளர். மன்னார்த் தீவுக்காரர், முன்பு தச்சு வேலை செய்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆபத்தான இடத்தில் ஒருவர் வேலை செய்யும்போது அவர் பாதுகாப்பான தூரத்தில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்துகொள்வார். "காணுறதைச் சொல்லும், நினைக்கிறதைச் சொல்லாதையும்" என்பார். "கம்பி மாதிரி இருக்கு சேர்" என்றால், "மாதிரியை விடும். என்ன நிறம், எவ்வளவு நீளம்?" என்று கேட்பார். இந்தக் கேள்விகளால் அவர் மேல் ஆத்திரம் வரும். ஆனால் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் வாய்க்கு அழ நேரமிருக்காது.

மனுவல் அண்ணையின் வீடு அடம்பனுக்கு அப்பால், கடற்கரையை ஒட்டிய ஒரு கத்தோலிக்க ஊரில். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். சனங்கள் வந்து குடியேறி மூன்று மாதமாகியும் அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் யாரும் போகவில்லை. முன்சுவரில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை ஆணி அடித்து நின்றது. மிதிவெடி, அபாயம். மனுவல் அண்ணையும் மனைவி றெஜினாவும் பக்கத்துக் காணியில் தகரக் கொட்டில் போட்டு இருந்தார்கள். அவர் மீன்பிடிகாரர், ஐம்பது வயதிருக்கும்.

தெருவிலிருந்து வாசல் வரை ஒரு மீற்றர் அகலத்தில் பாதை திறந்தோம். புல்லை ஒவ்வொரு பிடியாகக் கத்தரித்து, மண்ணை ஒவ்வொரு விரலளவாகச் சுரண்டிப் போக மூன்று நாள் பிடித்தது. ஒன்றும் இல்லை. மனுவல் அண்ணை நாள் முழுக்க எங்கள் மஞ்சள் நாடாவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, "பிள்ளையள், அலுமாரி கவனம்! அம்மாவின்ர சீதனச் சாமான்!" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தது. அந்த அலுமாரியைத்தான் அவளுக்குக் கொடுக்க இருந்தார்.

நான்காம் நாள் அறைக்குள் போனேன். கூரை பாதி இறங்கியிருந்தது. மூலையில் அலுமாரி. மேலே இரண்டு சிறிய லாச்சி, கீழே மூன்று பெரியது, பித்தளைப் பிடிகள் கறுத்துப்போய் இருந்தன. நான் நிலத்தில் குப்புறப் படுத்து, நீளக் கம்பியில் கட்டிய கண்ணாடியை அதன் அடியில் நீட்டினேன். சேர் சுவருக்கு வெளியே இருந்து பேசினார்.

"என்ன காணுறீர்?"

"கறையான் மண் சேர். ஒரு குளவிக்கூடு."

"குளவி இருக்கோ?"

"இல்லை. பழசு."

"மரம் என்ன நிறம்?"

"மஞ்சள். தேன் நிறம்."

"முதிரை. மூலைப் பொருத்தைப் பாத்துச் சொல்லும்."

வெடி தேடப் போன இடத்தில் மூலைப் பொருத்தை ஏன் கேட்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. என் கை நடுங்கிக் கண்ணாடி நிலத்தில் தட்டிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது, அதை நிறுத்தத்தான் கேட்டார் என்பது பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு லாச்சியின் இடுக்கிலும் மெல்ல மெல்லப் பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாவதில் பார்வை நின்றது.

"சேர், தங்கூசி."

மீன்வலைக்காரர் பாவிக்கும் நைலோன் நூலைத்தான் தங்கூசி என்போம். வெடியில் கட்டி வைக்கவும் அதைத்தான் பாவிப்பார்கள். மூன்றாவது லாச்சியின் இடுக்கிலிருந்து அது வெளியே வந்து, பின்பக்கம் வளைந்து மறைந்தது. எழும்பி ஓட வேண்டும் போலவும், இனி ஒருபோதும் அசையவே கூடாது போலவும் இருந்தது.

"இறுக்கமாவோ தளர்வாவோ?"

"இறுக்கம்."

"கண்ணாடியை அதிலயே விட்டிட்டு, வந்த வழியால வாரும். அவசரமில்லை."

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். பாதி மேலில் ஊற்றியது. சேர் மனுவல் அண்ணையிடம் போனார்.

"அண்ணை, உள்ளுக்கு ஒரு தங்கூசி இறுக்கிக் கட்டிக் கிடக்கு. இழுத்துப் பாக்க ஏலாது. நிண்ட இடத்திலயே வெடி வைச்சு உடைக்கப் போறம். அலுமாரி மிஞ்சாது."

மனுவல் அண்ணையின் முகம் வெளிறியது. சேரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ சேர், உடைச்சுப் போடாதேங்கோ! அது நான் கட்டின தங்கூசி. லாச்சியள் ஆடி விழாமல் கட்டினனான். உள்ளுக்கு வெடியும் இல்லை, ஒண்டும் இல்லை. அந்தப் பலகையும் நான்தான் அடிச்சனான்!"

"ஏன்?"

"வெளிக்கிடேக்க சாமானைக் கொண்டுபோக வழியில்லை. மண்டையோட்டைக் கண்டா ஒருத்தனும் உள்ளுக்குக் கால் வைக்கான் எண்டு நினைச்சன். திரும்பி வரேக்க, பலகை நிக்கிற வீட்டுக்குள்ள நீங்கள் பாக்க முதல் போகக் கூடாது எண்டிட்டினம், நான் அடிச்சது எண்டு சொல்ல வெக்கமாப் போச்சு. பாருங்கோ, மற்ற வீடுகளில கதவு நிலையும் இல்லை. என்ர வீட்டில கதிரையும் கிடக்கு!"

சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வேறு. மூன்று நாள் கொதிக்கிற வெயிலில் முழங்காலில் ஊர்ந்த எனக்குக் கெட்ட கோபம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். சேர் கையைக் காட்டி மறித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"பலகையை எங்கயிருந்து எடுத்தனீங்கள் அண்ணை?"

"பனங்கூடலுக்குப் பின்னால, முள்ளுக்கம்பி வேலியில. சமாதான காலத்தில வந்த ஆக்கள் கட்டினது."

எங்கள் வரைபடத்தில் அந்தப் பனங்கூடல் வெறும் வெள்ளையாக, ஆபத்தில்லாத நிலமாக இருந்தது. அங்கே பலகை இல்லை, வேலியும் இல்லை. கம்பியை வேறு யாரோ தங்கள் தோட்டத்துக்கு உருவிக்கொண்டு போயிருக்க வேண்டும். பலகை இருந்த இடத்தில் ஆபத்தில்லை, ஆபத்து இருந்த இடத்தில் பலகையில்லை.

"இப்ப அங்க ஆக்கள் போறவையோ?" என்று சேர் கேட்டார்.

மனுவல் அண்ணை பனங்கூடல் பக்கம் திரும்பினார்.

"றெஜினா... விறகுக்குப் போயிட்டாள்."

ஓட வெளிக்கிட்டவரை இரண்டு பேர் பிடித்து நிறுத்தினோம். குறுகிய மண் ஒழுங்கையால் வாகனத்தில் போனோம். ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடமும் ஒரு வெடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒழுங்கை முடிகிற இடத்தில் இறங்கினோம். பனைகளுக்கு இடையில், இருபது மீற்றர் உள்ளே, நீலச் சட்டை தெரிந்தது. றெஜினா இரண்டு கையாலும் ஒரு கட்டுக் காவோலையை, காய்ந்த பனையோலையை, அணைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

சேர் மனுவல் அண்ணையின் காதுக்குள் சொல்லிக்கொடுத்தார். அவர் அதையே சொல்லுக்குச் சொல் கூப்பிட்டார்.

"றெஜினா, நில்! காலைத் தூக்காதை! ஓலையைக் கீழ போடாதை! இவை வந்து கூட்டிக்கொண்டு வருவினம்!"

அவள் நின்றாள். எங்கள் தலைக்கவசங்களைப் பார்த்தாள். விளங்கியிருக்க வேண்டும்.

வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லலாமா என்று நான் கேட்டேன். தளர்ந்த மணல், காற்று, அடி தெரியாது என்றார் சேர். பாதை திறக்கத்தான் வேண்டும், புல்லில்லாத மணல், டிடெக்டர் கத்துகிற இடத்தை மட்டும் சுரண்டினால் போதும் என்றார். யாரை அனுப்புவது என்று சுற்றிப் பார்த்தார். பார்வை என்னில் வந்து நின்றது. எனக்குப் போக விருப்பமில்லை. என் பிள்ளைகளின் முகம்தான் வந்தது. இருந்தும் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு முழங்காலில் இருந்தேன்.

ஏழாவது மீற்றரில் டிடெக்டர் கத்தியது. சுரண்டினேன். ஒரு சின்னச் சவர்க்காரப் பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று. குறி வைத்துவிட்டு, பாதையை அதற்கு இடப்பக்கமாக வளைத்துக்கொண்டு போனேன். அதுவரை அது மனுவல் அண்ணையின் வாய்ச்சொல் மட்டும்தான். இப்போது உண்மை. முகக்கவசத்துக்குள் வியர்வை வழிந்து கண் எரிந்தது. துடைக்கக் கூடாது.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு றெஜினாவின் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்துக்கு வந்துவிட்டேன். காவோலையை அணைத்தபடியே நின்றாள்.

"அக்கா, கதைக்கலாமோ?"

"கதையுங்கோ. அசையாமல் கதையுங்கோ."

"எங்கட அலுமாரி வெளியில வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை. வரும்."

"அந்தாளுக்கு அதுதான் சீவன். ராத்திரியிலும் அதைப் பற்றித்தான் கதை." கண்ணை மட்டும் உருட்டிப் பனைகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இஞ்ச பலகை ஒண்டும் இல்லையே அக்கா. ஒரு பலகை இருந்திருந்தா நாங்கள் வருவமே?"

நான் மண்ணைப் பார்த்தபடி சுரண்டிக்கொண்டிருந்தேன். பலகை உங்கள் வீட்டுச் சுவரில் நிற்கிறது என்றா சொல்வது?

அவள் நின்ற இடத்தைச் சுற்றிப் பார்த்தபோது, வலது குதிக்காலுக்கு ஒரு முழம் பின்னால் இரண்டாவது மிதிவெடி இருந்தது. அதை மிதிக்காமல் எப்படி முன்னால் வந்தாள் என்பது மடுமாதாவுக்குத்தான் தெரியும் என்று பின்னர் ஊரில் சொன்னார்கள். நான் சைவ சமயம். இருந்தும் அன்றைக்கு மாதாவைக் கூப்பிட்டேன்.

என் அடியில் அடி வைத்து அவள் வெளியே வந்தாள். ஒழுங்கையில் கால் வைத்த பிறகுதான் ஓலைகளைக் கீழே போட்டாள். கைகள் மடங்கிய வாக்கிலேயே நின்றுவிட்டன. மனுவல் அண்ணை அவளுக்கு முன்னால் மணலில் முழந்தாளிட்டார்.

"பலகையை நான்தான் புடுங்கினனான், றெஜினா. வீட்டில அடிக்கக் கொண்டுவந்தது இஞ்சயிருந்துதான்."

"மூண்டு மாசமா நான் இஞ்ச வந்து போறன்," என்றாள் அவள். கத்தவில்லை. "ஒரு நாளாவது போகாதை எண்டு சொல்லேல்லையே."

"மறந்துபோச்சு. சத்தியமா மறந்துபோச்சு. ஓடேக்க புடுங்கினது..."

எனக்குள் மூன்று நாளாக இருந்ததும், அந்த மூன்று மணித்தியாலத்தில் சேர்ந்ததும் ஒன்றாக வெடித்தது. "இதையும் ஒரு மனிசன் மறப்பானோ?" என்று அவருக்கு முன்னால் நின்று கத்தினேன். "மறக்கிற காரியமோ இது?" சேர் என் தோளைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போனார்.

பின்னேரம் அலுமாரி வேலையை முடித்தோம். தங்கூசியைத் தான் கட்டியதாக மனுவல் அண்ணை சொன்னாலும், சேர் அதை அவருடைய சொல்லாகத்தான் எடுத்தார். நூல் போகிற வழி முழுவதையும் நுனி வரை பார்த்தோம். பிடியில் கொளுக்கி மாட்டி, கயிற்றைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து, எல்லோரும் பதுங்கியிருந்து இழுத்தோம். லாச்சி வந்தது. உள்ளே ஞானஸ்நான உடுப்பும், மணப்பெண் தலையில் போடும் ஒரு கலியாண நெற்றும் பூச்சி அரித்துக் கிடந்தன. அலுமாரியை நான்கு பேர் தூக்கி முற்றத்தில் இறக்கினார்கள். நல்ல முதிரை. புருசனும் பெண்சாதியும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று நான் வீட்டுக்குப் போய் முகம் கழுவி, மாற்றுச் சேலை எடுக்க எங்கள் லாச்சி அலுமாரிக்கு முன்னால் நின்றேன். அது என் கணவரின் வீட்டுச் சாமான். மீள்குடியேறி வந்தபோது அதன் கால்களைக் கறையான் தின்றிருந்தது. கைக்குக் கிடைத்த கட்டையைத் துண்டு போட்டு முட்டுக் கொடுத்திருந்தேன். இரண்டு வருடமாக அதில்தான் நின்றது. பகல் முழுக்கச் செய்த பழக்கத்தில், லாச்சியைத் தொட முதல் என்னை அறியாமலே நிலத்தில் படுத்து அடியில் பார்த்தேன். நான்கு துண்டுக் கட்டைகள். ஒன்றின் தலைப்பில், தூசிக்கடியில், சிவப்புப் பூச்சு.

ஆபத்தான நிலத்தின் எல்லையில் நடுகிற தடி. அதே சிவப்பு. ஒவ்வொரு நாளும் என் கையாலேயே நடுகிற தடி. வேலைக்குச் சேர முதல், ஊருக்கு வந்த முதற் கிழமையில், அது என்னவென்று தெரியாத காலத்தில் எடுத்திருக்கிறேன். உயிலங்குளத்தில் போர்க்கால முன்னரங்கு போன வழியெல்லாம் வெடி புதைத்த நிலம். அங்கே அந்த நாளில் மாடு மேய்ந்தது, வயல் விதைத்தார்கள், பிள்ளைகள் குறுக்கு வழியால் பள்ளிக்கூடம் போனார்கள்.

விடிந்ததும் கட்டையை உரப்பையில் சுற்றிக்கொண்டு போய்ச் சேருக்கு முன்னால் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரைபடத்தை வாகனத்தின் முன்மூடியில் விரித்தார். பென்சிலை என்னிடம் தந்தார்.

"எங்கயிருந்து புடுங்கினீர்?"

அந்தக் கிழமை நான் விறகு பொறுக்காத இடமில்லை. குளக்கட்டு, கோயிலடி, வாய்க்கால் கரை, பெரியப்பாவின் வயல். நட்டு நின்றதைப் பிடுங்கினேனா, விழுந்து கிடந்ததை எடுத்தேனா, அதுவும் தெரியவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மறந்துபோச்சு சேர்" என்றேன்.

"அவசரமில்லை. இருந்து யோசியும்" என்றார்.

அந்த இடங்களில் பெரும்பாலானவற்றைப் பிறகு அணிகள் வந்து துப்புரவு செய்துவிட்டன. எல்லாவற்றையும் அல்ல. நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.